ஏழு இருபது பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள்

மணிமொழி எந்தத் தலையை வரைந்தாலும் அது மதியச் சாப்பாட்டுக்குள் அவள் ஊரான கீழ்பென்னாத்தூரைச் சேர்ந்த ஒருவரின் தலையாக மாறிவிட்டது. திருவண்ணாமலைக்கு வெளியே, புறவழிச்சாலை ஓரத்தில் கட்டிய புதிய ஓவியக் கல்லூரியில் அவள் சேர்ந்த முதல் மாதத்திலேயே இது தெரிந்துபோனது. அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு முதல் பாடம், மேசைமேல் வைத்த ஒரு பிளாஸ்டர் தலையைப் பார்த்து வரைவது. சுருட்டை முடி, நேரான மூக்கு, விழியில்லாத கண். எந்த நாட்டு இளைஞன் என்று யாருக்கும் தெரியாது. சென்னையிலிருந்து வைக்கோல் சுற்றி வந்தான் என்பது மட்டும் ஸ்டோர் ரெஜிஸ்டரில் இருக்கிறது. வரையும் முறை எளிது. கையை முழுதும் நீட்டிப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையின் உயரத்தைக் கட்டைவிரலால் பென்சிலில் குறித்துக்கொள்ள வேண்டும். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கு நுனி, மூக்கு நுனியிலிருந்து தாடை, மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. அளவு சரியாக இருந்தால் முகம் தானாக வரும் என்பார்கள். மணிமொழிக்கு அளவு சரியாகவே இருந்தது. முகமும் தானாகத்தான் வந்தது. பதினொரு மணிக்கு மூக்கு சற்றே அகலும். பன்னிரண்டுக்குக் காது மடல் கீழே இறங்கும். ஒரு மணிக்கு, வகுப்பில் டிபன் பாக்ஸ்கள் திறக்கும் நேரத்தில், வெறுங்கண்ணுக்குள் விழி வந்து உட்காரும். முதல் நாள் வந்தது வள்ளி. டவுனில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்ப்பவள், மணிமொழிக்கு அடுத்த தெருக்காரி.

ஓவிய ஆசிரியர் ராமகிருஷ்ணன் நிதானமானவர். தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், பிளாஸ்டர் இளைஞனையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "சாயல் பிரமாதம்மா," என்றார். "ஆளுதான் வேற." இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டார். மறுநாளும் அதே தலை, வேறு முகம், அதே பதினொன்று.

பதினொன்று என்பது தேர்ச்சிக்கு ஒன்றரை மதிப்பெண் குறைவு. மற்றவர்களுக்கு அது வெறும் எண். மணிமொழிக்கு அப்படி இல்லை. அவள் அப்பா முருகவேல் கமிஷன் மண்டியில் வேர்க்கடலை உடைக்கும் மெஷின் ஓட்டுகிறார். மேலே கடலையைக் கொட்டினால் கீழே பருப்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் என்று பிரிந்து விழும் தொழிலில் இருபது வருடம் இருந்தவருக்கு, போட்டது ஒன்று வருவது ஒன்று என்றால் பிடிக்காது. படம் வரையப் படிக்க அனுப்பும்போதே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: ஒரே ஒரு அரியர் வந்தாலும் படிப்பு அத்தோடு சரி. தாலுகா ஆபீஸ் எதிரே மாமா கோபியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே வைத்த முகம் வைத்தபடி வரும். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலியை மாமா ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தார்.

மணிமொழி பொறுமையாகச் சோதித்தாள். பென்சிலை மாற்றினாள். தாளைப் புரட்டி முதுகுப் பக்கத்தில் வரைந்தாள். இடது கையால் வரைந்ததில் முகம் கொஞ்சம் கோணலாக வந்ததே தவிர, கீழ்பென்னாத்தூரை விட்டு வெளியே போகவில்லை. கடைசியில் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு, வந்த முகத்தின் பெயரை எதிரே எழுத ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தபோது காரணம் தெரிந்தது. அது காலை ஏழு இருபது டவுன் பஸ்ஸில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வரிசை. டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டு வள்ளி, அவளுக்குப் பின்னால் அஞ்சலகத்துக்காரர், அவருக்குப் பின்னால் பத்திரம் எழுதும் ராஜேந்திரன். இடது வரிசை முடிந்ததும் வலது வரிசை. டிரைவர் முகம் மட்டும் வரவே இல்லை, ஏனென்றால் பஸ்ஸுக்குள் நிற்பவர்களுக்கு அவர் முதுகுதான் தெரியும்.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. கல்லூரிப் பிளாஸ்டர் தலையை அவள் நாலு மணி நேரம் பார்க்கிறாள். ஏழு இருபது முகங்களைப் பதினோராம் வகுப்பிலிருந்து தினமும் முக்கால் மணி நேரம், கம்பியைப் பிடித்து நின்றபடி பார்த்து வருகிறாள். ஒரு வகுப்புத் தாளில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அதிக நாள் சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு அந்த இடம் போகிறது.

செய்தி பஸ்ஸுக்கும் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் மூர்த்தி டிக்கெட்டோடு சேர்த்து அதையும் கிழித்துக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து ஏழு இருபதில் ஏறுகிறவர்கள் தலை வாரிக்கொண்டு ஏறினார்கள். கடைசி சீட்டுக்காரர்கள் தங்கள் முறை வர மார்கழி ஆகிவிடும் என்று குறைப்பட்டார்கள். இடம் பிடிப்பதில் போட்டி ஜாஸ்தியானது. அந்தப் பஸ்ஸில் இடம் பிடிக்கும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே, நிற்பதற்கு முன்னால், ஜன்னல் வழியாகத் தன் பொருள் ஒன்றைச் சீட்டில் போட்டுவிட வேண்டும். ராஜேந்திரன் போடுவது பழுப்புக் கரைத் துண்டு. வள்ளி போடுவது ஜிப் அறுந்த நீலச் சாப்பாட்டுப் பை. மற்றவர்களுக்கு ஹெல்மெட், நாளிதழ், ஒரு ஆசிரியைக்கு விடைத்தாள் கட்டு. பொருள் விழுந்தால் ஆள் உட்கார்ந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு உரியவர் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வரலாம். கால் உளைந்தாலும் யாரும் அந்தப் பொருளை நகர்த்த மாட்டார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் போலீஸ்காரர்களே இதை மீறியதில்லை.

ஒரு வியாழக்கிழமை ராஜேந்திரன் துண்டைப் போட்டுவிட்டு டீக்கடையில் ஒரு பாகப்பிரிவினை விவகாரம் பேசப் போய், பஸ்ஸை விட்டுவிட்டார். துண்டு மட்டும் திருவண்ணாமலைக்குப் பயணம் செய்தது. முதல் சுற்று முடிந்து, அன்று மறுபடி அவர் முறை. மணிமொழியின் தாளில் ஒரு மணிக்கு வந்தது முகம் அல்ல, பழுப்புக் கரைத் துண்டு, மடித்துப் போட்டபடி. ராமகிருஷ்ணன் மகிழ்ந்துபோய்த் துணி மடிப்பு அருமை என்று பதினெட்டு போட்டார். ராஜேந்திரன் விவகாரத்தைப் பேசி முடித்து மதிய வண்டி பிடித்து மூன்று மணிக்கு டவுனில் கால் வைத்தார். அதே நிமிடம் துண்டின்மேல் அவர் முகம் வந்து உட்கார்ந்தது. ராமகிருஷ்ணன் பதினெட்டை அடித்துவிட்டுப் பதினொன்று போட்டார். மணிமொழிக்கு அன்று போன ஏழு மதிப்பெண்தான் பெரிதாகத் தெரிந்தது. துண்டைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

ஆண்டு முடிவதற்குள் ராமகிருஷ்ணனே இறங்கி வந்தார். மற்ற நாற்பத்தொரு பேரும் ஒரே இளைஞனை வரைந்து தள்ளுவதைப் பார்த்துச் சலித்திருந்தார் என்று சொல்கிறார்கள். பதினொன்றுகளைப் பதின்மூன்றாக்கித் தேர்ச்சி கொடுத்தார். இரண்டாம் ஆண்டு இயற்கைக் காட்சி. மணிமொழி வரைந்த ஏரி, வயல், மலை எல்லாவற்றிலும் குறுக்கே மூன்று கம்பி விழுந்தது, பஸ் ஜன்னல் கம்பி. அதைக் கலை நயம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு தொல்லையில்லாமல் போனது.

மூன்றாம் ஆண்டில் 'வட்டார அடையாளம்' என்று ஒரு புதிய பாடம் வந்தது. அதை நடத்த வந்த சிந்துஜா, சென்னையில் பிறந்து டெல்லியில் படித்தவர். கைத்தறிப் புடவை, மாணவர்கள் மேல் உண்மையான அக்கறை. முதல் வகுப்பிலேயே பிளாஸ்டர் தலையைத் தூக்கி ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னார். யாரோ ஒரு வெளிநாட்டானை ஏன் வரைய வேண்டும், உங்கள் மண்ணை வரையுங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. அதன்பின் மண்ணை எப்படி வரைவது என்று ஒரு பட்டியலை லேமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுத்தார். பானை, முண்டாசு, மாட்டுவண்டி, கோலம், பனைமரம், மண்குதிரை, பின்னால் மலை. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் பிரித்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் அந்த வகுப்பில் மட்டும் நாற்பத்திரண்டு மாட்டுவண்டிகள் வரையப்பட்டன. மாவட்டத்தில் அத்தனை இருக்குமா என்பது சந்தேகம்.

மணிமொழி மகிழ்ச்சியோடுதான் தொடங்கினாள். இத்தனை நாள் தானாக வந்தவர்களை இப்போது கேட்டே வாங்குகிறார்களே. வள்ளியை வரைந்தாள்: லேப் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் செல்போன். சிந்துஜா வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு மணிமொழி. ஆனா இந்தப் பொண்ணு எந்த ஊர்ல வேணா இருக்கலாமே. உங்க ஊர்னு எதை வெச்சுச் சொல்றது?" மணிமொழிக்கு அது நியாயமான கேள்வி என்று பட்டது. போனை அழித்துவிட்டு வள்ளியின் இடுப்பில் ஒரு பானையை வைத்தாள்.

பானை உட்கார்ந்ததும் வள்ளியின் முகம் தாளைவிட்டு இறங்கிப் போய்விட்டது. அந்த இடத்தில் பழைய பிளாஸ்டர் இளைஞன் வந்து நின்றான், சுருட்டை முடியும் நேர் மூக்குமாக, இடுப்பில் பானையோடு. மறுநாள் காலை ஏழு இருபதில் வள்ளி நிஜப் பானையோடு ஏறினாள். கீழே வைத்தாலும் திரும்ப இடுப்புக்கு வந்துவிடுகிறது என்றாள். மூர்த்தி பானைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். ராஜேந்திரனுக்கு முண்டாசு வைத்து வரைந்த மறுநாள், அவர் தலையில் அவிழ்க்க முடியாத முண்டாசு இருந்தது. பஸ்ஸை வரைந்து பக்கத்தில் மாட்டுவண்டி சேர்த்த மறுநாளிலிருந்து, ஆளில்லாத மாட்டுவண்டி ஒன்று ஏழு இருபதுக்குப் பின்னாலேயே டவுன் வரை வந்து திரும்பியது. முன்பெல்லாம் பஸ்ஸிலிருந்து தாளுக்குப் போய்க்கொண்டிருந்த பாதையில் இப்போது தாளிலிருந்து பஸ்ஸுக்கு எதிர்ப்போக்குவரத்து நடந்தது. அழித்துவிடலாம் என்றால், படங்களைத் தேர்வு முடியும்வரை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

பஸ்ஸில் யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனால் பேசினார்கள். "ஏன்டி மணி, நான் ரத்தம் எடுக்குறவ," என்றாள் வள்ளி. "இடுப்புல பானைய வெச்சுக்கினு ஒரு கையால எப்படிடி நரம்பு தேடுவேன்? வர்றவங்க எல்லாம் தண்ணி கேக்குறாங்க." ராஜேந்திரனுக்கு வேறு வருத்தம். "ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கேக்குறாங்கம்மா, இன்னா ராஜேந்திரா, கூத்து கட்டப் போறியான்னு. முப்பது வருசமா பத்திரம் எழுதுறேன், இப்பதான் எல்லாரும் என்னைப் படிக்கத் தெரியாதவன்னு நெனைக்கிறாங்க." மூர்த்தி கடைசியாகச் சொன்னார். "பானைக்கு லக்கேஜ் போட்டேன் பாப்பா. மாட்டுக்கு இன்னா போடறதுன்னு டிப்போல கேட்டா, லீவு எடுத்துக்கோன்றாங்க."

இதற்கெல்லாம் பலனாக மதிப்பெண்ணாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. பானை நன்று, முகம் வட்டாரத்தைச் சேர்ந்ததல்ல என்று சிந்துஜா எழுதியிருந்தார். பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான். வகுப்பு மதிப்பெண் நாற்பதுக்குப் பதினான்கு. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். மீதி முப்பத்தாறு ஒரே நாளில், வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் கையால், அறுபதுக்கு வாங்க வேண்டும். பட்டியலை வரைந்தால் முகம் போகிறது. முகத்தை வரைந்தால் ஊர் தெரியவில்லை என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஜெராக்ஸ் கடையின் சுழல் நாற்காலி.

தேர்வுத் தேதியைக் குறித்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதால் அது சித்ரா பௌர்ணமி அன்று விழுந்தது. அன்று கிரிவலக் கூட்டத்தில் எந்த வண்டியும் ஊருக்குள் வராது. மணிமொழி முதல் நாளே புறப்பட்டு மாமா கோபியின் வீட்டுக்கு வந்தாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மாமா அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "ஒரு சுத்து சுத்திப் பாரும்மா, எண்ணெ போட்டிருக்கேன்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் சுற்றிப் பார்த்தாள். அப்போது கடை முன்னால் வரிசை இருந்தது, ஆனால் ஆட்கள் இல்லை. பெஞ்சின்மேல் ஒரு ரேஷன் கார்டு, அடுத்து ஒரு பச்சை ஃபைல், அடுத்து சாவி வைத்த ஒரு ஆதார் அட்டை, அடுத்து ஒற்றைச் செருப்பு. உரியவர்கள் எதிரே கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்து அழைக்க, ஒவ்வொருவராக வந்து தன் பொருளுக்குப் பின்னால் நின்றார். புதிதாக வந்த ஒருவர் ஒற்றைச் செருப்பைத் தாண்டி முன்னால் போகப் பார்த்து, பின் தானே விலகிக்கொண்டார்.

மணிமொழிக்குப் பழுப்புக் கரைத் துண்டு நினைவுக்கு வந்தது. நாற்காலி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வள்ளிக்குப் போன் போட்டாள். நாளைக் காலை ஏழு இருபதில் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்றாள். சித்ரா பௌர்ணமிக்கு யாராவது பஸ்ஸில் வருவார்களா, லீவு சொல்லியாயிற்று என்றாள் வள்ளி.

"பானை போவணுமா வேணாமா, அக்கா?"

"மூர்த்தி அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள் வள்ளி.

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. தலைப்பு 'எங்கள் ஊர்'. மற்றவர்கள் மலையில் ஆரம்பித்து மாட்டுவண்டிக்கு வந்தார்கள். மணிமொழி பஸ்ஸின் உட்புறத்தை வரைந்தாள், நடுவழியில் கம்பியைப் பிடித்து நிற்பவரின் கண்ணுக்குத் தெரிகிறபடி. ஒரு ஆளைக்கூட வரையவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் அதற்குரிய பொருளைப் போட்டாள். இதற்கு அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பழுப்புக் கரைத் துண்டின் இடது மூலையில் பேனா மை கசிந்த புள்ளி இருக்கும். நீலப் பையின் அறுந்த ஜிப்பில் ஒரு ஊக்கு குத்தியிருக்கும், அது ரத்தம் எடுக்கும் இடத்தில் கிடைத்த ஊக்கு. விடைத்தாள் கட்டின் மேல்தாளுக்கு எப்போதும் மதிப்பெண் கம்மி. முப்பத்தெட்டு சீட்டுக்கும் முப்பத்தெட்டுப் பொருள், ஒன்றும் மாறவில்லை.

ஒரு மணி ஆயிற்று. சிந்துஜா இரண்டு முறை வந்து பார்த்தார். பட்டியலில் இருந்து ஒரு பானையாவது போடக்கூடாதா என்று கவலையோடு கேட்டார். இடமில்லைங்க மேடம் என்றாள் மணிமொழி. அது உண்மை. மூன்று மணிக்குத் தேர்வாளர் வந்துவிடுவார். ஏழு இருபது பஸ் அந்த ஒரு மணிக்கும் போலீஸ் தடுப்புக்கு முன்னால், ஆந்திராவிலிருந்து வந்த இருபது வேன்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. பின்னால் மாட்டுவண்டி. உள்ளே முப்பத்தெட்டுப் பேர், ஒரு முண்டாசு, ஒரு பானை. லீவு நாளில் எங்கே போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வள்ளி பானையிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அதனால் அந்தப் பானைக்கு ஒரு நாளாவது வேலை இருந்தது என்று சொல்ல வேண்டும்.

இரண்டு ஐம்பதுக்கு வண்டி தற்காலிகப் பஸ் நிலையத்தில் நின்றது. வள்ளி முதலில் இறங்கினாள். அவள் கால் தரையில் பட்டதும், கல்லூரித் தாளில் நீலப் பைக்கு மேல் வள்ளி வந்து உட்கார்ந்தாள், லேப் கோட்டும் அடையாள அட்டையுமாக, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. அடுத்து அஞ்சலகத்துக்காரர். அடுத்து ராஜேந்திரன், துண்டை உதறித் தோளில் போட்டபடி. இறங்கும் வரிசையில் ஒவ்வொருவராக வந்தார்கள். மூர்த்தி விசிலோடு கடைசியாக, தாளில் இருந்த பஸ்ஸின் பின்படியில் ஏறினார். பிளாஸ்டர் இளைஞன் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தான். எல்லாச் சீட்டிலும் ஆள் இருந்ததால் போய்விட்டான்.

தேர்வாளர் மூன்று மணிக்கு வந்து, வரிசையாகப் பார்த்துக்கொண்டே மணிமொழியின் பலகை முன்னால் வந்தார். அதற்குள் முப்பது மாட்டுவண்டிகளைப் பார்த்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் நிற்பவரைப்போலத் தோளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டார். இது எந்த ஊர் என்று கேட்கவில்லை. இவர்கள் ஒவ்வொருவரும் யார் என்று கேட்டார். மணிமொழி பொருளைச் சொல்லி ஆளைச் சொன்னாள், இருபது நிமிடம் ஆனது. பிறகு அவர், "இதுல நீ எங்கம்மா?" என்றார்.

"நான் நிக்கிறேங்க," என்றாள் மணிமொழி. "எனக்கு எப்பவும் சீட்டு கெடைக்காது. நின்னாதான் எல்லார் மூஞ்சியும் தெரியும்."

அறுபதுக்கு நாற்பத்தொன்று. பட்டியலில் உள்ள எதுவும் இல்லாததற்காகக் கழித்தது போக மீதி. சிந்துஜா லேமினேட் செய்த பட்டியலின் கடைசியில் பேனாவால் 'துண்டு' என்று சேர்த்துக்கொண்டார், நல்ல மனம். பானை அன்றே இறங்கிவிட்டது. தற்காலிகப் பஸ் நிலையத்தில் நீர்மோர் கொடுத்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மாட்டுவண்டி கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் திரும்பிப் போனது. இப்போது பௌர்ணமிதோறும் அதில் ஒருவர் பொரி விற்கிறார். முண்டாசு அவிழ்ந்துவிட்டாலும் ராஜேந்திரன் அதைக் கட்டிக்கொள்கிறார், வெயிலுக்கு நல்லது என்கிறார். முருகவேல் படத்தைப் பார்த்துவிட்டு, போட்டதுதான் வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சுழல் நாற்காலியில் கோபி மாமாவே உட்கார்ந்திருக்கிறார்.

மணிமொழி இப்போது நான்காம் ஆண்டு. முதலாண்டுப் பிள்ளைகளுக்கும் இதே தொல்லை வருகிறது. ஒரு பையனுக்கு ஷேர் ஆட்டோ முகங்கள், ஒரு பெண்ணுக்கு நூறு நாள் வேலைக்காரர்கள். அவர்களுக்காக அவள் முறையை ஒரு தாளில் எழுதி ஸ்டோர் ரூம் சுவரில், பிளாஸ்டர் தலைக்கு நேர்மேலே, ஒட்டி வைத்திருக்கிறாள். முகத்தை முதலில் வரைய வேண்டாம். அவரவர் பொருளை அவரவர் இடத்தில் சரியாகப் போட்டு வைத்தால் போதும். வண்டி வந்து நின்றதும் ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார்.